பதில் சொல்லக்கூடிய கலங்கள்: எச்.ஐ.வி. ஆய்வுக்காகக் குருதிக் கலங்களை உறையவைத்தல்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பசு வளர்க்கின்ற வீடுகளுக்குச் சினை ஊசி போட வருகின்றவர் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டுவரும் அந்த அலுமினியக் கொள்கலனைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவர் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து நிலத்தை நோக்கி இறங்கும். உள்ளே −196 பாகை செல்சியஸில் திரவ நைதரசன் இருக்கிறது. அதற்குள் எங்கோ ஒரு பண்ணையில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் முன்னர், எடுக்கப்பட்ட காளையின் விந்து மெல்லிய குழல்களில் உறைந்து கிடக்கிறது. அவர் ஒரு குழலை எடுத்து இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் பிடிக்கிறார், அவ்வளவில் அந்தக் கலங்கள் மீண்டும் நீந்தத் தொடங்குகின்றன. எச்.ஐ.வி. ஆய்வில் மனிதக் குருதிக் கலங்களை உறையவைத்துப் பாதுகாக்கின்ற முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே கலத்திடமிருந்து எதிர்பார்க்கப்படும் வேலை இன்னும் கடினமானது. விந்துக் கலம் நீந்திச் சென்று கருக்கட்டினால் போதும். நிர்ப்பீடனக் கலமோ உருகி எழுந்த பின்னர், முன்பு சந்தித்த ஒரு பகைவனை நினைவில் வைத்திருந்து, அவனை அடையாளங்கண்டு, அதற்குரிய எதிர்வினையையும் காட்ட வேண்டும்.

ஒரு தடுப்பூசியைப் பெற்றவரின் உடலில் இரண்டு வகையான மாற்றங்களைத் தேடலாம். ஒன்று, பிறபொருளெதிரிகள். இவை புரதங்கள், குருதித் திரவவிழையத்தைப் பிரித்து ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டால் ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலும் அப்படியே அளக்கலாம். மற்றொன்று, கலங்களின் நினைவு. ஒரு ரி நிணநீர்க்குழியம் எச்.ஐ.வி.யின் புரதத் துண்டொன்றைக் காட்டியதும் விழித்துக்கொள்கிறதா, இன்டர்பெரோன் காமா போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கிறதா, பெருகுகிறதா என்பதை அறிய வேண்டுமானால் அந்தக் கலம் உயிருடன் இருக்க வேண்டும். இறந்த கலத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் அது எப்படி நடந்துகொண்டிருக்கும் என்பதை அறிய முடியாது. எனவே இங்கே சேமிக்கப்படுவது ஒரு பொருள் என்பதைவிட ஒரு திறன் என்றே சொல்ல வேண்டும். இந்தத் துறையிலுள்ள அத்தனை கெடுபிடிகளுக்கும் காரணம் இதுதான்.

சேமிக்கப்படுகின்ற கலங்களுக்குப் புறக்குருதி ஒற்றைக்கருக் கலங்கள் என்று பெயர். கை நாளத்திலிருந்து எடுக்கும் குருதியில் உருண்டையான, பிளவுபடாத ஒரே கருவைக் கொண்ட வெண்குழியங்களையே இப்பெயர் குறிக்கிறது: ரி கலங்கள், பி கலங்கள், இயற்கைக் கொல்லிக் கலங்கள், ஒற்றைக்குழியங்கள் ஆகியவை. செங்குழியத்துக்குக் கருவே இல்லை. துண்டுதுண்டான கருவைக் கொண்ட நடுநாடிகள் என்ற வெண்குழியங்களோ எண்ணிக்கையில் மிகுதியாக இருந்தாலும் இம்முறையில் உறையவைத்தால் பிழைப்பதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் உறைந்த குருதி என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், குப்பிக்குள் இருப்பது குருதியின் ஒரு சிறு பங்குதான். 1 மில்லிலீற்றர் குருதியிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் தொடக்கம் 20 இலட்சம் வரையான ஒற்றைக்கருக் கலங்கள் கிடைக்கும். ஒரு குப்பியில் வழக்கமாக 50 இலட்சம் முதல் 1 கோடி வரை இடுவார்கள்.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை இந்தக் கலங்களுக்குத் தனி மதிப்பு இருப்பதற்குக் காரணம் தெளிவானது. 1983ஆம் ஆண்டு பாரிசில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மொன்டாக்னியரும் அவர்களுடைய குழுவினரும் தனிமைப்படுத்திய இந்த வைரஸ், சி.டி.4 என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் தாங்கிய ரி கலங்களையே முதன்மையாகத் தாக்குகிறது. அதாவது நோயெதிர்ப்புக்கு ஆணையிடும் கலமே இங்கு இரையாகிறது. நோய் எங்கே ஒளிந்திருக்கிறது, உடல் அதை எப்படி எதிர்கொள்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே குப்பியில் இருக்கக்கூடும். மருந்து ஒழுங்காக எடுத்துக் குருதியில் வைரஸ் அளவிட முடியாத நிலைக்கு வந்தவர்களிலும், ஓய்வு நிலையிலுள்ள சி.டி.4 கலங்களில் ஏறத்தாழ 10 இலட்சத்துக்கு ஒன்று மீண்டும் பெருகக்கூடிய வைரஸைத் தனக்குள் மறைத்து வைத்திருக்கிறது. அந்த ஒன்றைத் தேடுவதற்குக் கோடிக்கணக்கான கலங்கள் தேவைப்படுவதால், சில ஆய்வுகளில் தொண்டரின் குருதியை ஒரு பொறியினூடாகச் செலுத்தி வெண்குழியங்களை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மீதியை அவருக்கே திருப்பி ஏற்றுகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவருக்குச் செய்யப்படும் சி.டி.4 எண்ணிக்கைப் பரிசோதனைக்கும் நாம் பேசுகின்ற உறைந்த கலங்களுக்கும் நேரடித் தொடர்பில்லை. அந்தப் பரிசோதனை புதிய குருதியில், ஒரு கன மில்லிமீற்றருக்கு எத்தனை கலங்கள் என்று எண்ணுவது. அது நோயாளியின் சிகிச்சைக்கு உதவும். உறைந்த கலங்கள் ஆய்வுக்குரியவை. அவற்றின் முடிவு குருதி கொடுத்தவரின் கையில் ஓர் அறிக்கையாக வந்து சேர்வது அரிது.

அப்படியானால், எடுத்த அன்றே புதிய கலங்களில் சோதித்துவிடலாமே, ஏன் உறையவைத்து இத்தனை பாடுபட வேண்டும் என்று கேட்கலாம். ஒரு தொண்டரிடம் தடுப்பூசிக்கு முன்னர் ஒரு முறையும், பின்னர் ஆறாவது மாதத்திலும், பன்னிரண்டாவது மாதத்திலும் குருதி எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் அவ்வப்போது சோதித்தால், வேறு வேறு நாள்கள், வேறு வேறு கைகள், வேறு வேறு தொகுதி இரசாயனங்கள் என்று எல்லாமே மாறியிருக்கும். அப்போது காணப்படும் வேறுபாடு தடுப்பூசியால் வந்ததா, புதிதாகத் திறந்த போத்தலால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. மூன்று குப்பிகளையும் ஒரே காலையில் உருக்கி, ஒரே தட்டில், ஒரே ஆள் சோதித்தால் அந்தச் சந்தேகம் குறையும்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது பல வேளைகளில் ஆய்வு முடிந்த பிறகுதான் தெரிய வருகிறது. தாய்லாந்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கி 16,402 தொண்டர்களைச் சேர்த்த ஆர்.வி.144 என்ற தடுப்பூசி ஆய்வு, 2009இல் 31.2% பாதுகாப்பைக் காட்டியது. அந்தச் சிறிய பாதுகாப்பு எதனால் கிடைத்தது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. பின்னர், தடுப்பூசி பெற்றும் தொற்றுக்குள்ளான 41 பேரின் மாதிரிகளையும், தடுப்பூசி பெற்றுத் தொற்றுக்குள்ளாகாத 205 பேரின் மாதிரிகளையும் சேமிப்பிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். 2012இல் அதன் முடிவு வெளியானது. வைரஸின் உறைப் புரதத்தில் வி1, வி2 எனப்படும் பகுதிகளைப் பற்றுகின்ற பிறபொருளெதிரிகள் கூடுதலாக இருந்தவர்களில் தொற்றும் அபாயம் குறைந்திருந்ததாக அது காட்டியது. அந்த ஒப்பீட்டில் சி.டி.4 கலங்களின் எதிர்வினையும் முதன்மை அளவீடுகளில் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஓர் ஆய்வுகூட உதவியாளர் குப்பிகளைக் கவனமாக அடுக்கி வைத்திருக்காவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்திராது.

இனி வேலைக்கு வருவோம். உறையவைத்தல் என்றதும் எல்லோருடைய மனமும் குளிர்ப்பெட்டிக்குத்தான் போகிறது. உண்மையில் கலங்களின் தரம் பெரும்பாலும் குளிர்ப்பெட்டியை அடைவதற்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. ஊசி நாளத்திலிருந்து வெளியே வந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குருதி கட்டிபடாமல் தடுக்கின்ற ஹெப்பாரின் போன்ற பொருள் இட்ட குழாயில் குருதி எடுக்கப்பட்டு, 8 மணித்தியாலத்துக்குள் கலங்கள் பிரிக்கப்பட்டு உறையவைக்கப்பட வேண்டும் என்பதே பெரிய எச்.ஐ.வி. ஆய்வு வலையமைப்புகள் பின்பற்ற முயல்கின்ற எல்லை. ஒரு நாள் கடந்துவிட்டால் நடுநாடிகளின் அடர்த்தி மாறிவிடுகிறது. பின்னர் பிரிக்கும்போது அவை அடியில் போய்ச் சேராமல் ஒற்றைக்கருக் கலங்களோடு கலந்துவிடுகின்றன. ரி கலங்களின் எதிர்வினையும் மங்குகிறது.

இந்த 8 மணித்தியாலத்தை நமது ஊர் நிலைமையில் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவுப் பேருந்தில் ஏற்றிவிட்ட குருதிக் குழாய், காலையில் கொழும்பில் இறங்கும்போதே அனுமதிக்கப்பட்ட நேரம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதன் பிறகு ஆய்வுகூடம் திறக்க வேண்டும், ஆள் வர வேண்டும், பிரிப்பு வேலைக்கே இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும். ஆகவே, இத்தகைய ஆய்வொன்றில் தொலைதூர மாவட்டம் ஒன்று பங்குகொள்ள வேண்டுமானால் கலங்களைப் பிரித்து உறையவைக்கும் வசதி அந்த மாவட்டத்திலேயே இருக்க வேண்டும். உறைந்த பிறகு பயணம் செய்வது வேறு கதை. அப்போது அவசரமில்லை, குளிர் மட்டும் விடாமல் இருக்க வேண்டும்.

புதிதாகப் பழகுபவர்கள் நல்லெண்ணத்தோடு செய்கின்ற ஒரு தவறும் இந்தக் கட்டத்தில்தான் நேர்கிறது. மீன் சந்தையில் பழகிய நம் புத்தி, கெட்டுப்போகக் கூடாத பொருள் என்றால் ஐஸில் வை என்கிறது. பிரிப்பதற்கு முன்னர் முழுக்குருதியை ஐஸிலோ குளிர்சாதனப்பெட்டியிலோ வைக்கக் கூடாது. குளிர் பட்டால் சிறுதட்டுகளும் வெண்குழியங்களும் தூண்டப்பட்டுப் பிரிப்பு குழம்பும். மிதமான அறை வெப்பநிலையே வேண்டும். ஆனால் சித்திரை மாதத்து நண்பகலில் முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் நிலவுகின்ற வெப்பநிலையை எவரும் அறை வெப்பநிலை என்று சொல்லிவிட முடியாது. வெப்பம் புகாத பெட்டி, ஐஸ் இல்லாமல், நிழலில். இதுவே சரியான ஏற்பாடு.

பிரிப்பு எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. நம் குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் மழை நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் அது மேலே நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிக் கிணறு உவராகிவிடும். ஆய்வுகூடத்திலும் அடர்த்திதான் வேலை செய்கிறது. ஃபிக்கோல் என்ற சர்க்கரைப் பல்பகுதியத்தைக் கொண்டு ஒரு மில்லிலீற்றருக்கு 1.077 கிராம் அடர்த்தியுள்ள கரைசல் ஒன்றைத் தயாரித்திருக்கிறார்கள். நோர்வே நாட்டு ஆய்வாளர் ஆர்னே பொயூம் 1968இல் வெளியிட்ட முறை இது. குழாயின் அடியில் இந்தக் கரைசல். அதன் மேல் நீர்த்த குருதி, இரண்டும் கலந்துவிடாதபடி குழாயைச் சாய்த்துப் பிடித்துச் சுவரோரமாக மெல்ல வழியவிடப்படுகிறது. பிறகு மையநீக்கியில் புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசையில் ஏறத்தாழ அரை மணித்தியாலம் சுழற்றுவார்கள். செங்குழியங்களும் நடுநாடிகளும் 1.077ஐ விட அடர்த்தி கூடியவை. அவை கரைசலைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போய்விடும். ஒற்றைக்கருக் கலங்களுக்கு அந்த அடர்த்தி இல்லை. அவை கரைசலின் மேல் தங்கிவிடும்.

சுழற்சி முடிந்ததும் பொறியின் தடுப்பைப் போடாமல் அது தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தடுப்பைப் போட்டால் படைகள் குலுங்கிக் கலந்துவிடும். பொறுமையாக எடுத்துப் பார்த்தால், மேலே வைக்கோல் நிறத்தில் திரவவிழையம், கீழே தெளிந்த கரைசல், அடியில் கருஞ்சிவப்பு; இடையில், திரவவிழையமும் கரைசலும் சந்திக்குமிடத்தில், பாலாடை போல ஒரு மெல்லிய வெண்வளையம். தேடி வந்தது அந்த வளையந்தான். குழாயியின் நுனியை வளையத்துக்குச் சற்று மேலே வைத்து, சுற்றிச் சுற்றி உறிஞ்சி எடுத்து, கழுவி, எண்ணுவார்கள்.

இப்போது உறையவைத்தல். குளிரே கலத்தைக் கொல்வதில்லை. நீர் பனிக்கட்டியாகும்போது நடப்பவையே கொல்கின்றன. அவற்றில் ஒன்றைப் புரிந்துகொள்ள ஆனையிறவு உப்பளத்தை நினைத்துக்கொள்ளலாம். பாத்தியில் விட்ட கடல்நீரிலிருந்து நீர் ஆவியாகிப் போகப்போக, மிஞ்சிய நீரில் உப்பு செறிகிறது. கலத்தைச் சுற்றியுள்ள கரைசல் உறையும்போதும் இப்படித்தான். பனிக்கட்டி தூய நீரால் ஆனது. அது உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே பனி வளர வளர, மிஞ்சிய ஒடுங்கிய திரவத்தில் உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. பிரசாரணத்தால் கலத்திலிருந்து நீர் வெளியேறுகிறது. கலம் வற்றிச் சுருங்குகிறது. மிக மெதுவாகக் குளிர்வித்தால் கலம் நெடுநேரம் இந்த உவர்க் கரைசலில் கிடந்து வற்றி இறக்கும். மிக விரைவாகக் குளிர்வித்தால் நேர்மாறான கேடு: நீர் வெளியேற நேரமில்லாமல் கலத்துக்குள்ளேயே உறைந்து, உள்ளே தோன்றும் பனிப் பளிங்குகள் மென்சவ்வுகளைக் கிழித்துவிடும். இரு பக்கத்துக் கேடுகளையும் சேர்த்து அமெரிக்க ஆய்வாளர் பீற்றர் மசூர் 1972இல் முன்வைத்த விளக்கமே இன்றும் அடிப்படையாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு கல வகைக்கும் ஒரு பொருத்தமான வேகம் உண்டு. நிணநீர்க்குழியங்களுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 பாகை.

ஆனால் வேகத்தை மட்டும் சரிசெய்தால் போதாது. பாதுகாப்புப் பொருளொன்றும் வேண்டும். 1949இல் இங்கிலாந்தில் கிறிஸ்தோபர் பொல்ஜும் அவருடைய சக ஆய்வாளர்களும் கிளிசரோல் சேர்த்தால் சேவலின் விந்து உறைந்தும் பிழைக்கிறது என்று கண்டார்கள். காளை விந்து அதைத் தொடர்ந்தது, நம் வீட்டுப் படலைக்கு வந்த கொள்கலனின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1959இல் லவ்லொக், பிசொப் ஆகிய இருவரும் டைமெதில் சல்பொக்சைட்டு என்ற, கலத்துக்குள் இன்னும் விரைவாக ஊடுருவும் திரவத்தை அறிமுகப்படுத்தினார்கள். ஆய்வுகூடங்களில் டி.எம்.எஸ்.ஓ. என்றே சொல்வார்கள். இது கலத்துக்குள்ளும் வெளியேயும் நீரோடு பிணைந்து பனியின் அளவைக் குறைக்கிறது. உப்பு செறிவதையும் தணிக்கிறது. வேடிக்கை என்னவென்றால் பனியிலிருந்து காக்கின்ற இந்தத் திரவம் தூய நிலையில் 18.5 பாகையிலேயே உறைந்துவிடும். யாழ்ப்பாணத்து அலுமாரியில் திரவமாகவே இருக்கும் போத்தலைத் தெரியாமல் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தவர், மறுநாள் கண்ணாடிக் கட்டி போன்ற ஒன்றைக் காண்பார்.

வழக்கமான கலவை, 10% டி.எம்.எஸ்.ஓ., 90% பசுக் கருவின் சீரம். டி.எம்.எஸ்.ஓ. அறை வெப்பநிலையில் நீடித்து நின்றால் கலங்களுக்கு நஞ்சு. எனவே கலவையைக் குளிர்வித்து, கலங்களைக் குலுக்கிக்கொண்டே மெல்லச் சேர்த்து, குப்பிகளில் ஒவ்வொரு மில்லிலீற்றராகப் பங்கிட்டு, தாமதிக்காமல் குளிருக்கு அனுப்ப வேண்டும். முதல் குப்பிக்கும் கடைசிக் குப்பிக்கும் இடையே கதை பேசிக்கொண்டிருப்பவர் கடைசிக் குப்பியைக் கெடுக்கிறார்.

நிமிடத்துக்கு 1 பாகை என்ற வேகத்தைப் பெற விலையுயர்ந்த கணினிப் பொறிகள் உண்டு. ஆனால் மிக எளிய வழியொன்றும் உண்டு: ஐசோபுரோப்பைல் அற்ககோல் நிரப்பிய ஒரு பிளாத்திக்குப் பெட்டிக்குள் குப்பிகளை நிறுத்தி, அந்தப் பெட்டியை −80 பாகை ஆழ்குளிர்ப் பெட்டியில் ஓரிரவு வைத்துவிடுவார்கள். சூழ்ந்துள்ள அற்ககோல் வெப்பத்தை மெல்ல மெல்ல விட்டுக்கொடுப்பதால், தேவையான வேகம் ஏறத்தாழத் தானாகவே கிடைக்கிறது. அற்ககோல் காலப்போக்கில் காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சில தடவைகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்தச் சிறு வேலையைத் தள்ளிப்போடுகின்ற ஆய்வுகூடத்தில், ஏன் இந்த மாதக் கலங்கள் மட்டும் மோசம் என்ற கேள்வி எழும்.

−80 பாகை ஒரு தங்குமடம். அதுவே வீடாகிவிடக் கூடாது. அந்தக் குளிரிலும் நீரின் மூலக்கூறுகள் மெல்ல நகர்கின்றன, பனிப் பளிங்குகள் பருக்கின்றன, கலங்கள் வாரக்கணக்கில் நலிகின்றன. ஏறத்தாழ −130 பாகைக்குக் கீழே போனால் எஞ்சிய திரவம் கண்ணாடி போல் இறுகி, வேதி மாற்றங்கள் அனேகமாக நின்றுவிடுகின்றன. அதனால்தான் குப்பிகள் அடுத்த நாளோ ஓரிரு நாளிலோ திரவ நைதரசன் தொட்டிக்கு மாற்றப்படுகின்றன. நம் நாட்டில் இதற்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்பிறப்பாக்கி இல்லாத −80 பெட்டி அந்த நாள்களில் எதையும் காப்பாற்றியிருக்காது. திரவ நைதரசன் தொட்டிக்குக் குளிர் கொடுக்க மின்சாரம் தேவையில்லை. ஒழுங்காக நைதரசனை ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்த ஊற்றுவதற்கான நைதரசன் எங்கிருந்து, எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது என்பது அடுத்த தலையிடி.

இப்போதெல்லாம் குப்பிகளைத் திரவத்துக்குள் மூழ்கவிடாமல், திரவத்துக்கு மேலுள்ள ஆவியில் வைப்பதையே விரும்புகிறார்கள். சரியாக மூடாத குப்பிக்குள் திரவ நைதரசன் புகுந்துவிட்டால், வெளியே எடுக்கும்போது அது ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து குப்பியை வெடிக்கச் செய்யும். மற்றது தொற்று. இலண்டனில் ஒரே நைதரசன் தொட்டியில் சேமித்த என்பு மச்சை மாதிரிகளின் வழியே ஈரல் அழற்சி பி வைரஸ் நோயாளிகளுக்குப் பரவியதை 1995இல் வெளியான மருத்துவ அறிக்கையொன்று காட்டியது. கலத்தைப் பிழைக்க வைக்கும் குளிர் வைரஸையும் பிழைக்க வைக்கும் என்பதை எச்.ஐ.வி. மாதிரிகளைக் கையாள்பவர் ஒரு கணமும் மறக்கலாகாது. உறைந்த குப்பி பாதுகாப்பானது என்று கையுறையைக் கழற்றுவது அறியாமை.

தொட்டியில் வைத்தபின் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. ஒரு குப்பியைத் தேடி அடுக்கை மேலே தூக்கும் ஒவ்வொரு முறையும், அதே அடுக்கிலுள்ள மற்றக் குப்பிகள் அனைத்தும் சற்றே சூடேறி மீண்டும் குளிர்கின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த ஐஸ்கிரீமைப் பாதி உருகவிட்டு மறுபடி உறையவைத்துச் சாப்பிட்டவருக்கு இதன் விளைவு நாவிலேயே தெரியும்: நறநறவென்று பற்களில் படுகின்ற பனிப் பளிங்குகள். சிறு பளிங்குகள் கரைந்து பெரிய பளிங்குகளோடு சேர்ந்துவிட்டன. எந்தக் குப்பி எந்த அடுக்கில், எந்தப் பெட்டியில், எந்தக் குழியில் என்ற பதிவேடு துல்லியமாக இருந்தால் அடுக்கு வெளியே நிற்கும் நேரம் குறையும். நல்ல பதிவேடு கலங்களைக் காப்பாற்றுகிறது என்று நான் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள்; அது மிகைப்படுத்தல் இல்லை.

உருக்கும்போது விதி தலைகீழாகிறது. மெதுவாக உறையவைத்ததை விரைவாக உருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐஸ்கிரீமில் நடந்தது இங்கேயும் நடக்கும். குப்பியை 37 பாகை நீர்த்தொட்டியில் மெல்ல ஆட்டிக்கொண்டு, உள்ளே ஒரு பயற்றம்பருப்பு அளவு பனி மட்டும் மிஞ்சியிருக்கும்போது வெளியே எடுத்துத் துடைத்துவிட வேண்டும். அதன் பின்னர் அவசரம் கூடாது. கலங்களுக்குள் டி.எம்.எஸ்.ஓ. நிறைந்திருக்கிறது, வெளியே அது திடீரென்று இல்லாமற் போனால் நீர் உள்ளே பாய்ந்து கலம் வீங்கி வெடிக்கும். எனவே இளஞ்சூடான வளர்ப்பூடகத்தை முதலில் துளித்துளியாக, பிறகு சற்றுக் கூடுதலாகச் சேர்த்து, கழுவுவார்கள். இறந்த கலங்களிலிருந்து கசிகின்ற டி.என்.ஏ. பசைபோலாகி உயிருள்ள கலங்களையும் ஒட்டிக் கட்டியாக்கிவிடும் என்பதால், அதைச் சிதைக்கின்ற நொதியமொன்றைச் சிறிதளவு சேர்ப்பதும் உண்டு.

பின்னர் எண்ணிக்கை. திரைப்பான் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இறந்த கலங்கள் நீலமாகத் தெரியும். மென்சவ்வு சிதையாத கலங்கள் சாயத்தை உள்ளே விடாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஆனால் உருக்கிய உடனே எடுத்த எண்ணிக்கையை முழுதாக நம்பக் கூடாது. சில கலங்கள் அப்போது உயிருடன் தெரிந்தாலும் உள்ளுக்குள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். அவை சில மணித்தியாலங்களில் விழும். அதனால் பல ஆய்வுகூடங்கள் கலங்களை ஓரிரவு 37 பாகையில் ஓய்வெடுக்க விட்டு, மறுநாள் மீண்டும் எண்ணி, எஞ்சியவற்றையே சோதனைக்கு எடுக்கின்றன. குருதியில் வைரஸ் மிகுந்திருந்த, சிகிச்சை தொடங்காத ஒருவரின் கலங்களில் இந்த இழப்பு கூடுதலாக இருப்பது வழக்கம். இன்னுமொன்று: பிழைத்த கலமும் அச்சொட்டாகப் பழைய கலமல்ல. சி.டி.62எல் போன்ற சில மேற்பரப்புப் புரதங்கள் உறைந்து உருகிய கலங்களில் குறைந்து காணப்படுகின்றன. அவற்றை அளப்பதே நோக்கமென்றால் புதிய குருதியைத்தான் நாட வேண்டும்.

கடைசியில் கலங்களிடம் கேள்வி கேட்கும் நாள் வருகிறது. எலிஸ்பொட் என்ற சோதனையை எடுத்துக்கொள்வோம். 96 சிறு குழிகள் கொண்ட தட்டு. ஒவ்வொரு குழியின் அடிச்சவ்விலும் இன்டர்பெரோன் காமாவைப் பற்றுகின்ற பிறபொருளெதிரி பூசப்பட்டிருக்கிறது. குழியொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கலங்கள் இட்டு, எச்.ஐ.வி. புரதத்தின் சிறு துண்டுகளைச் சேர்த்து, ஒரு நாள் அளவில் வைத்திருப்பார்கள். அந்தத் துண்டை முன்பே அறிந்த கலம் இன்டர்பெரோன் காமாவைச் சுரக்கும்; சுரந்தது அந்தக் கலத்தின் காலடியிலேயே பிடிபடும். கலங்களைக் கழுவி அகற்றி நிறமேற்றினால், கலம் இருந்த இடத்தில் ஒரு புள்ளி தெரியும். ஒரு புள்ளி, ஒரு கலம். இத்தகைய புள்ளிகள் நோயிலிருந்து பாதுகாப்பைக் குறிக்கின்றன என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. 2007இல் இடைநிறுத்தப்பட்ட ஸ்டெப் என்ற தடுப்பூசி ஆய்வில், தடுப்பூசி பெற்றவர்களில் பெரும்பாலானோரின் கலங்கள் நன்றாகவே புள்ளியிட்டன. தடுப்பூசியோ தொற்றைத் தடுக்கவில்லை.

இந்தத் தட்டில் எச்.ஐ.வி. துண்டு இடாத குழிகளும் உண்டு. அவற்றில் புள்ளிகள் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். இன்னும் இரண்டு மூன்று குழிகளில் பி.எச்.ஏ. என்ற பொருளை இடுவார்கள். நாம் கறி வைக்கின்ற போஞ்சியின் இனத்தைச் சேர்ந்த சிவப்பு விதையிலிருந்து எடுக்கப்படும் புரதம் அது. அந்த விதையை வேகவைக்காமல் தின்றால் வயிற்றைப் புரட்டுவதும் அதுவே. எந்த நோயையும் சந்தித்திருக்காவிட்டாலும், நலமாக உள்ள ரி கலம் எதுவும் பி.எச்.ஏ.யைக் கண்டால் கிளர்ந்தெழும். குழி முழுவதும் எண்ண முடியாதபடி கறுத்துப்போகும். தட்டைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது அந்தக் குழிகளைத்தான். அவை கறுத்திருந்து, எச்.ஐ.வி. துண்டு இட்ட குழிகள் வெறுமையாக இருந்தால், இந்தத் தொண்டரின் கலங்களில் எதிர்வினை இல்லை என்று எழுதலாம். பி.எச்.ஏ. குழிகளும் வெறுமையாக இருந்தால், சாய எண்ணிக்கையில் 90% உயிருடன் இருந்ததாகக் காட்டிய குப்பியாக இருந்தாலும், பதிவேட்டில் பூச்சியம் என்று எழுதக் கூடாது. அந்தக் கட்டத்தில் மதிப்பிட முடியவில்லை என்று எழுதிவிட்டு, அதே நாள் எடுத்த குருதியின் இன்னொரு குப்பி தொட்டியில் இருக்கிறதா என்று தேடுவார்கள்.